இரண்டு கட்டை கீழே

"தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டார் பாய்ட்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மார்லா, கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே.

சுத்தப் பொய். காலையில் பல் தேய்த்துத் துப்பியபோது சிவப்பாக ஏதோ வந்திருந்தது. வெளியே சொன்னால் நிகழ்ச்சிக்கார டாக்டர் அப்போதே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். பாட்டுப் போட்டியில் மிச்சம் இருப்பது மூன்றே பேர். ஜெயிப்பவர்தான் காப்பர் ஹவுண்ட்ஸ் ராக் குழுவின் புதுப் பாடகர். நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

குழுத் தலைவரான பாய்ட் கிட்டாரைத் தடவிக்கொண்டே கேட்டார். "பாட்டை ரெண்டு கட்டை இறக்கிக்கலாமா? கிட்டார் சுருதியையும் இறக்கி வெச்சிடறோம்."

"வேண்டாம். உங்க பழைய பாடகர் வெஸ் பாடின அதே சுருதியிலதான் பாடுவேன்."

"கடைசியில வர்ற அந்த அலறல் இருக்கே..."

"அதுக்காகத்தான் இங்க வந்திருக்கேன்."

பாய்ட் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

மேக்கப் அறையில் மார்லா பொருமித் தீர்த்தாள். "இறக்கட்டுமாவாம். என்னால முடியாதுன்னு காட்டணும், அவ்வளவுதான் அவருக்கு."

அவளுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்த மேக்கப்காரி லூப்பேக்கு வம்பு பேச வாய் ஊறியது. "அந்த ஆளை நம்பவே நம்பாத. இத்தனை வருஷம் கூடவே பாடின வெஸ்ஸை வெளிய தள்ளினவன். சண்டை வந்துச்சு, துரத்திட்டேன்னு டிவிலயே சொன்னானே, கொஞ்சமாவது வெக்கம் இருந்துச்சா? தன் கிட்டாரைவிட இன்னொருத்தர் குரல் எடுபட்டா அவனுக்கு ஆகாது."

"இன்னிக்கு எடுபடுதா இல்லையான்னு பாரு."

மார்லாவுக்கு முப்பத்தேழு வயது. ஃப்ரெஸ்னோவில் ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மேடையில் விளக்கு எரிந்தது. பாய்ட் ஆரம்பித்தார். கிட்டாரின் முதல் ஒலியிலேயே மார்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

சுருதி கீழே இருந்தது. ரெண்டு கட்டை கீழே.

திரும்பிப் பார்த்தாள். பாய்ட் தலையைத் தூக்கவே இல்லை. ஒத்திகை பார்த்த சுருதியிலேயே வாயைத் திறந்தவள், குரல் ஒரு பக்கமும் வாத்தியம் ஒரு பக்கமுமாக இழுக்க, தடுமாறிக் கீழே இறங்கினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் காத்திருந்த அந்த அலறல், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டது போல வந்து போயிற்று.

முடிவைச் சொன்னதும் பாய்ட்தான்.

"எங்க குழுவுக்கு நீ சரிப்பட மாட்ட, மார்லா."

கேமரா அவள் அழுவதைக் கிட்டத்தில் காட்டியது. அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

கலைந்த மேக்கப்போடு ஓடிப்போய் பாய்ட்டை வராந்தாவில் மறித்தாள்.

"நீங்கதானே இறக்கினீங்க?"

"ஆமா."

"வேண்டாம்னு சொன்னேன்ல? வேலையை விட்டுட்டு வந்தவ நான். இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்? நீங்கல்லாம் மனுஷனா?"

பாய்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கக் கூசும் வார்த்தைகளாகப் பார்த்து அவள் கொட்டினாள்.

"வீட்டுக்குப் போ. நாளைக்கே டாக்டரைப் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாய்ட்டின் வண்டியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் வெயிலில், கழுத்தைச் சுற்றி மப்ளர். முகத்தைப் பார்த்ததும் பெட்டி அவள் கையிலிருந்து நழுவியது.

வெஸ்.

துரத்தப்பட்டவருக்குத் துரத்தியவரின் வண்டியில் என்ன வேலை என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. கண்ணாடி ஓரமாகப் போய்க் குமுறினாள்.

"உங்களுக்குப் பண்ணின அதே துரோகத்தை எனக்கும் பண்ணிட்டார். சுருதியை இறக்கி, ஊர் சிரிக்க வெச்சிட்டார்."

வெஸ் மெதுவாக மப்ளரை அவிழ்த்தார். தொண்டைக்குழியில் ஒரு ஓட்டை இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்து அழுத்தினார். உதடுகள் அசைந்தன. ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஓர் இயந்திரக் குரல் வந்தது.

"இறக்கச் சொன்னது நான்தான். டிவில பார்த்துட்டே இருந்தேன். பாடி முடிச்சா கழுத்தைப் பிடிச்சுக்கற. நானும் அப்படித்தான் பிடிச்சுப்பேன். ரத்தம் வருதா?"

மார்லா தலையசைத்தாள்.

"எனக்கும் வந்துச்சு. டாக்டர்கிட்ட போகாம மறைச்சுக்கிட்டே ஒரு வருஷம் அலறினேன். கடைசியில புத்துநோய்னு குரல்வளையையே எடுத்துட்டாங்க. சண்டை போட்டுத் துரத்திட்டேன்னு சொல்லுடான்னு அவனைக் கெஞ்சினதும் நான்தான். ஊர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படறதைவிட அவனைத் திட்டட்டும்னு."

மார்லா ஆற்றாமை தாங்காமல் கேட்டாள்.

"இருந்தாலும், நான் வேண்டாம்னு அவ்வளவு சொன்னேனே. என் பேச்சை அவர் கேட்டிருக்கலாம் இல்லையா?"

வெஸ் கருவியை மறுபடி கழுத்தில் வைத்தார்.

"எங்கிட்டயும் இதே மாதிரி கேட்டான், இறக்கட்டுமான்னு. வேண்டாம்னேன்."

கருவி நழுவியது. சரியாக வைத்து அழுத்தினார்.

"என் பேச்சைக் கேட்டான்."