‘ரன்’னுக்கு எத்தனை சொல்?

"பொண்ணு வாயைத் திறந்து நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வேணாமாடா?" ஆர்விட் மறுபடியும் ஆரம்பித்தார்.

கிளென் அப்பாவின் கையில் காப்பியைக் கொடுத்தான். "நல்லாப் படிக்கிறாப்பா, எழுதுறா. இங்கிலீஷ்ல வகுப்புல அவதான் முதல்."

"எழுதினாப் போதுமா? டுலூத்ல நான் சொன்ன பள்ளிக்கூடத்துல கொண்டுவந்து சேத்துவிடு. அங்க முழுக்க இங்கிலீஷ் பேச்சுதான். உன் பொண்டாட்டியோட பாஷையை வெச்சுக்கிட்டு இவ எந்த ஊர்லடா பொழைப்பா?"

மினசோட்டாவின் அந்தச் சிற்றூர் மண்டபத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. எல்லாரும் கிளெனின் மனைவி ரெனேயின் ஆட்கள், அவள் மொழிக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை இப்படிக் கூடுவார்கள். காதலித்த காலத்தில் ரெனேக்காகத் தட்டுத்தடுமாறி அந்த மொழியைக் கற்றவன் கிளென். ஆர்விட்டோ இத்தனை வருடத்தில் அதில் ஒரு சொல்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

இன்றும் பேத்திக்காகத்தான் வந்திருந்தார். பன்னிரண்டு வயது பிரிட்டா, பெரியவர்களுக்கான சொற்போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்துவிட்டாள்.

"நான் இப்படித் தொணதொணத்தா மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"இல்லப்பா, தாராளமாப் பேசுங்க."

மேடைத் திரையில் ஒற்றைச் சொல் மின்னியது: ரன். அந்தச் சொல் வரும் ஆங்கில வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். போட்டியாளர்கள் மாறி மாறித் தங்கள் மொழியில் சொல்ல வேண்டும். பொருள் மாறியும் பழைய சொல்லையே சொன்னவர் அவுட்.

ஆர்விட்டுக்கு மீசை துடித்தது. "பாத்தியாடா நம்ம மொழியை! குதிரை ஓடினாலும் ரன், கடையை நடத்தினாலும் ரன், தேர்தல்ல நின்னாலும் ரன்தான்! ஒத்தைச் சொல்லை வெச்சு உலகத்தையே கட்டி மேய்க்கிறோம். இவங்ககிட்ட இதுக்கெல்லாம் வார்த்தை ஏது?"

"பாருங்களேன்."

எதிரே நின்ற மார்லிஸ் லேசுப்பட்டவள் இல்லை. மூன்று வருடமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. அதற்கு மார்லிஸ் ஒரு சொல் சொன்னாள். சலவையில் சட்டைச் சாயம் இறங்கியது. பிரிட்டா வேறொன்று சொன்னாள். இன்ஜின் ஓடியது, வீட்டில் பால் தீர்ந்துபோனது, கடைத்தெருவில் பழைய சிநேகிதன் எதிர்ப்பட்டான். எல்லாமே ஆங்கிலத்தில் ரன். இவர்களிடமோ ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல்.

"மூக்குக்கு ஒண்ணு, சாயத்துக்கு ஒண்ணா?" என்றார் ஆர்விட்.

"ஆமா. உங்க ரன்னை அப்படியே மூக்குக்குப் போட்டா, மூக்கு கால் முளைச்சுத் தெருவுல ஓடுதுன்னு சிரிப்பாங்க."

"படவாப் பசங்க, இவ்வளவு வெச்சிருக்காங்களா!" காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாக்கியம் ஒரு பெண்ணின் மெல்லிய காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுந்ததைப் பற்றியது. அதுவும் ரன்தான். மார்லிஸ் திணறினாள். நேரம் முடியப்போகிற அவசரத்தில் சாயத்துக்கு உரிய சொல்லையே சொல்லிவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

பிரிட்டா ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அட! காலுறையில கோடு சரசரன்னு இறங்குதுன்னுதானே சொல்றா?" ஆர்விட் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

கிளென் திகைத்துப்போய் அவரைப் பார்த்தான். "திரையில வெறும் ரன்னுதானே இருக்கு, அவ சொன்னதை நான் இன்னும் சொல்லவே இல்லையேப்பா! எப்படிப் புரிஞ்சுது?"

"அவ சொன்ன விதத்துலயே தெரியுதேடா!"

பச்சை விளக்கு எரிந்தது. போட்டியை நடத்திய டுவெய்ன் பிரிட்டாவின் பக்கம் திரும்பினார். "கடைசியா, நீயே ஒரு ரன் எடுத்துவிடு. சரியா இருந்தா கோப்பை உனக்கு."

பிரிட்டா கூட்டத்தைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தாள். பிறகு அவள் சொன்னதைக் கண்டு ரெனே தோள் குலுங்கச் சிரித்தாள். கூட்டமே காலால் தட்டியதில் தரை அதிர்ந்தது.

"என்னடா சொன்னா? எல்லாரும் ஏன் என்னைப் பாக்கறாங்க?"

"பிடிவாதம் எங்க வம்சத்துலயே வழிவழியா ஓடுது, நம்பாதவங்க மூணாவது வரிசையில காப்பியோட உக்காந்திருக்கிற எங்க தாத்தாவைப் பாருங்கன்னு சொன்னா."

ஆர்விட்டின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று கிளெனுக்குப் புரிவதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். கண்கள் பளபளத்தன.

"அது என் பேத்திடா! எழுதி வெச்சுக்கோ, என் ரத்தம்! டுலூத் பள்ளிக்கூடம் கிடக்குது குப்பையில. இந்த மொழியை விட்டுட்டு அவளை எங்கேயும் அனுப்பாதே!" என்று கத்தியவர், உள்ளங்கை சிவக்கப் படபடவென்று கைதட்டினார்.

அவரோடு சேர்ந்து தட்ட யாரும் இல்லை. சுற்றிலும் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை விரித்து அசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மொழியில் அதுதான் கைதட்டல். கிளென் அப்பாவின் கைகளை மெல்லப் பிடித்து அதேபோல் உயர்த்திவிட்டான். பிறந்ததிலிருந்தே காது கேளாத பிரிட்டா மேடையிலிருந்து பார்த்தாள்: தாத்தா முதன்முறையாக அவளிடம் அவள் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்.