கோடு நேராக ஓடிய வாரம்

லேப்டாப் திரையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் விலைக்கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தது.

ரௌஷான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நிஜமான விலை ஒருநாளும் இப்படிப் போகாது.

"இது எந்த மாசம், மிர்சா?"

தௌலெத் தன் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். அவள் கணவனின் தம்பி. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் சொல்லிவிட்டார். அன்று, துரை என்பது போலக் கேலியாக அவள் வைத்த பட்டம்தான் மிர்சா. இன்றுவரை அதுவே நிலைத்துவிட்டது.

பங்குகளைத் தானே வாங்கித் தானே விற்கும் ஒரு புரோகிராமை அவன் இரண்டு குளிர்காலமாக எழுதிக்கொண்டிருந்தான். நாளைக் காலை அதில் நிஜப் பணம் இறங்கப்போகிறது. தால்கர் பக்கம் அப்பா விட்டுப்போன மனையை விற்ற பணம். அதற்கு முன் அண்ணி ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்போடு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

வங்கியில் அவளுக்கு வேலையே அதுதான். பிறர் எழுதும் புரோகிராம்களைப் பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்ப்பது.

நடந்து முடிந்த நாள்களை ஒவ்வொன்றாக அதற்குக் காட்ட வேண்டும். மறுநாள் என்ன ஆகும் என்பது மட்டும் அதற்குத் தெரியக் கூடாது. தெரியாமலேயே பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிழைத்திருந்தது. எட்டு வருடமும் லாபக் கோடு படிப்படியாக ஏறியிருந்தது.

அவள் அந்த நேர்கோட்டைப் பெரிதாக்கித் தேதியைப் பார்த்தாள்.

ஜனவரி. அந்த ஜனவரி.

கலவரம் வெடித்து, அல்மாத்தி நகரம் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட வாரம். இணையம் நின்றுபோய், பங்குச் சந்தையும் மூடிக் கிடந்தது.

"அந்த வாரத்துக்கு விலையே இல்ல அண்ணி," என்றான் தௌலெத். "அதான் முன்னாடி நாளையும் பின்னாடி நாளையும் வெச்சு, நடுவுல நானே போட்டு நிரப்பிட்டேன்."

"இங்க இல்ல. லண்டன்ல இருக்குமே. இதே பங்கு அங்க அன்னிக்கும் வித்துக்கிட்டுத்தானே இருந்துச்சு. இது தெரியாதவனா நீ?"

அவன் கிண்ணத்தின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"தெரியும். லண்டன் விலைய எறக்கியும் வெச்சிருக்கேன். ஓட்டத்தான் முடியல. அந்தத் தேதி வர்றதுக்குள்ள நிறுத்திடறேன்."

ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம், கலவரம் நடந்த சதுக்கத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன், வந்து கூட்டிப்போ என்று அண்ணனுக்குப் போன் செய்தது அவன்தான். ரௌஷானின் கணவன் சாபித் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். காத்திருக்கப் பயந்த தௌலெத் சந்து சந்தாக நடந்து வீடு வந்து சேர்ந்துவிட்டான்.

சாபித் உயிரோடு வீடு திரும்பவில்லை.

அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

தௌலெத் நிரப்பியிருந்த நாள்களை ரௌஷான் மறுபடி பார்த்தாள். அவற்றில் எதுவுமே நடக்கவில்லை. செவ்வாய்க்குப் பின் புதன் வந்தது. புதனுக்குப் பின் வியாழன் வந்தது. விலை மெதுவாக நகர்ந்தது. யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை.

அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது.

"பொய் விலையில ஓட்டிப் பாத்துட்டு நிஜப் பணத்தப் போடக் கூடாது மிர்சா. இங்க குடு. நீ பாக்க வேணாம். ஜன்னல் பக்கம் போ."

அவன் எழுந்து போய், மலையைப் பார்த்து நின்றுகொண்டான்.

அவள் லண்டன் விலைகளை ஏற்றி ஓடவிட்டாள். வருடங்கள் மளமளவென்று போயின. அந்த வாரம் வந்தது. விலை கிணற்றில் கல் போல விழுந்தது.

புரோகிராம் பயப்படவில்லை. பயப்பட அதற்கு எதுவும் தெரியாது. ஒரு பொருள் திடீரென்று மலிந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. புதன்கிழமையன்று கையிலிருந்த மொத்தத்தையும் போட்டு வாங்கியது. விலை மீண்டதும் விற்றது.

எட்டு வருடத்தில் அதற்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் அதுதான். முன்பு பார்த்த படிகளெல்லாம் அதன் பக்கத்தில் தரையோடு தரையாகத் தெரிந்தன.

அந்த நாள் கடந்துபோக ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

புரோகிராம் தேறியது என்று சொன்னால் அவன் வந்து பார்ப்பான். பார்த்தால் லாபக் கோடு எங்கே உயர்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு காசும் அவனுக்கு அந்தப் புதன்கிழமையிலிருந்துதான் வரும்.

அவள் அந்த ஓட்டத்தின் முடிவை அழித்தாள்.

"இது ஓடாது மிர்சா. நாளைக்குப் பணம் போடாத."

அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டான்.

"அன்னிக்கு அது என்ன பண்ணுச்சு அண்ணி?"

ரௌஷான் லேப்டாப்பை மூடினாள்.

"ஒண்ணும் பண்ணல," என்றாள். "எங்கயும் போகல. வீட்டுலயே இருந்துச்சு."