இறங்கத் தெரியாத டீச்சர்

அமலோற்பவம் டீச்சர் ஐம்பத்தெட்டு வயதில் சைக்கிள் பழகினார். ஓட்ட வந்துவிட்டது, இறங்க மட்டும் வரவில்லை. தினமும் காலையில் சைக்கிள் கடையை நெருங்கியதும், “துரைக்கண்ணு, புடிப்பா!” என்று கத்துவார். பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு அவன் ஓடிப்போய் கேரியரைப் பிடித்து நிறுத்துவான். ஒருமுறை பிடி தவறி, டீச்சர் டயர் அடுக்குக்குள் போய் விழுந்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார்.

மறுநாள் துரைக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “பிரேக்கைப் புடிச்சு இடது காலை ஊனுங்க டீச்சர், விழமாட்டீங்க.”

டீச்சர் கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் தாண்டினார். மூன்றாவது முறை மனசு கேட்காமல் அவன் தெருவில் இறங்கிக் கைகளை நீட்டினான்.

“தள்ளிக்கோப்பா, நான் இப்ப இறங்கல!” என்று மணியடித்தார் டீச்சர். அவன் ஒதுங்கினான். கடற்கரைச் சாலையில் திரும்பும்போது, ஒரு கையை எடுத்து அவனுக்கு டாட்டா காட்டினார்.