ஆறு மணி நேர நெருப்பு

உள்ளே இருப்பது மட்டும் இப்போது வாயைத் திறக்கக் கூடாது. கார்குழலி சிரித்த முகத்தோடு நின்றாள். காது மட்டும் பின்கதவில் இருந்தது.

ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன ஜேக்கப், ஐந்துக்கே வந்து, நாற்காலியை அந்தக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் கேஸ் அடுப்பு. அடுப்பின் மேல் குக்கர். குக்கருக்குள் பன்றி விலா; அவர் வருவதற்குள் மூன்று விசில் அடித்திருந்தது. புருஷன் பாரியோ கரி வாங்கப் போயிருந்தான்.

கடை வாசலில் தொங்கிய பலகை வேறு கதை சொன்னது: 'பார்பிக்யூ போர்க் ரிப்ஸ். ஆறு மணி நேரம் கரி நெருப்பில் வெந்தது.' கரி நெருப்பு அதன் முகத்தைப் பார்ப்பது கடைசிப் பத்து நிமிஷம்தான். சாஸைத் தடவி, பாதியாக அறுத்த டிரம்மில் புகை காட்டிக் கருக்கிக் கொடுத்தால், திருவொற்றியூரில் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

கேட்கக்கூடிய ஒரே ஆள் ஜேக்கப். தீப்பெட்டியோடு நடமாடினாலே வேலையை விட்டுத் தூக்குகிற எண்ணெய்க் கப்பல்களில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கண்டிப்பு இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. வெள்ளைக்கார கேப்டன்களே தட்டை நீட்டிக்கொண்டு நின்ற அவருடைய ரிப்ஸைப் பற்றி ராயபுரமே பேசும். காசிமேட்டில் ஒரு கடையை அவர் 'டூப்பு' என்று ஒரே வார்த்தை சொன்னார். மறுமாதம் அங்கே செல்போன் கடை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு ரிசப்ஷன். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிமிரும். எண்ணூர்க் கம்பெனியில் பாரிக்கு வேலை போனதிலிருந்து, வீட்டில் உலை கொதிப்பதே இந்தக் கடையால்தான்.

"சாஸ் எடுத்துகினு வரேன் சார்" என்று கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"கீறதே போதும். நில்லும்மா."

என்ன கரி, எத்தனை தடவை புரட்டுகிறாய், மசாலா எப்போது தடவுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சவுக்குக் கரி என்றாள், ராத்திரியே தடவி ஊறவைப்பேன் என்றாள், காலை பதினோரு மணிக்கே நெருப்பில் ஏற்றிவிடுவேன் என்றாள். விலையைக் குறைக்காத வியாபாரி மாதிரி ஒரு மணி நேரத்தைக்கூட அவள் குறைக்கவில்லை.

ஜேக்கப் அவள் வைத்த தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். எலும்பு வழுக்கிக்கொண்டு தனியே வந்தது. யானைக்கவுனி சேட்டு நகையை உரசிப் பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பின்னால் குக்கர் மறுபடி சீறத் தொடங்கியது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி ஹார்னை அமுக்கிக்கொண்டே போனது. விசில் அதில் கரைந்தது. கார்குழலிக்குப் போன உயிர் திரும்பியது.

அடுத்ததற்கு லாரி வரவில்லை. விசில் நீளமாக, சுத்தமாக, தெருமுனை வரை கேட்டது.

"பக்கத்து வூட்ல சாம்பாரு வெச்சிகினுகீறாங்க சார்."

ஜேக்கப் எலும்பைத் தட்டில் வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தோட எத்தினி?"

"இன்னா சார்?"

"விசிலு."

கையிருப்புப் பொய் தீர்ந்துபோயிருந்தது. "அஞ்சு" என்றாள். இவர் சொல்லி ஊர் சிரிப்பதற்குள் பலகையைத் தானே கழற்றிவிடலாம் என்று தோன்றியது.

ஜேக்கப் எழுந்து வாசல் வரை போனார். தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து, அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கெழம மூணோட எறக்கிடு. கப்பல்ல நான் அப்டித்தான்."