நீலப் பட்டுக்காரி

ஆத்மநாதனின் சட்டைப் பையில் ஒரு பெண்ணின் போட்டோ இருந்தது. அவருடைய மனைவியின் படமல்ல.

பின்னால் ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. எதிரே நாடக மன்றத்தின் செயலாளர் அமிர்தவல்லி வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தார். ஊர் மேடையில் ஏறவிடாத காலத்தில் காலனிக்காரர்கள் தாங்களே கல் சுமந்து கட்டிய மன்றம் அது. அறுபது வருடமாக ஒழுகுகிறதே தவிர விழுகிற வழியைக் காணோம்.

"பழைய கட்டடம், ஆபத்து. எந்திரிங்க" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் ஆத்மநாதன்.

"ஒங்க வீடு இதவிடப் பழசுங்க. மொதல்ல அங்கிட்டு இடிச்சிட்டு வாங்க."

தலைவருக்குச் சுருக்கென்றது. போட்டோவை எடுத்து நீட்டினார். தலை நிறைய மல்லிகையும் நீலப் பட்டுமாக ஒருத்தி அதில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்க அப்பா செத்த பெறகு அவரு பெட்டியில கெடந்துச்சு. பின்னாடி ஒங்க மன்றத்து முத்திரை இருக்கு. வயலுக்குத் தண்ணி கட்டப் போறேன்னு சொல்லிட்டு மனுசன் இங்கதான் வந்திருக்காரு. இவ கட்டியிருக்கது எங்க ஆத்தாவோட கல்யாணப் பட்டு. காணோம் காணோம்னு ஆத்தா தேடாத எடமில்ல."

அமிர்தவல்லி படத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டுதல்னு சொல்லி சாகுற வரைக்கும் மீசைகூட வெக்காத பக்திமான். அவரையே மயக்கிட்டா." தலைவர் போட்டோவை விரலால் தட்டினார். "ஆத்தா எம்பது வயசுலயும் அழுவுது. இவ யாருன்னு சொல்லுங்க. வந்து அது கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கட்டும். நான் இந்தக் கட்டடத்தத் தொடல."

"ஆளக் காட்டுனாப் போதுமா?"

"போதும். எங்க அப்பா மேல சத்தியம்."

"அப்ப அந்த வண்டிய அனுப்புங்க."

ஜேசிபி கீரமங்கலம் ரோட்டில் ஏறி மறையும்வரை அமிர்தவல்லி அசையவில்லை. அப்புறம்தான் எழுந்து உள்ளே போனார்.

பிறந்ததிலிருந்து ஆத்மநாதன் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இப்போதும் வெளியிலேயே நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தோடு அமிர்தவல்லி வந்தார். அதே பெண், அதே நீலப் பட்டு. ஒட்டடையை முந்தானையால் துடைத்து, அதைத் தலைவரின் கையில் பதமாக வைத்தார்.

"மன்னிப்புக் கேக்க வெக்க முடியாதுங்க தலைவரே" என்றார். "இது ஒங்க அப்பா."