கால் கிலோ ஈரல்

"ஈரல் கால் கிலோ, கழுத்து நாலு. பொடிசா வெட்டிக் குடுப்பா."

குரலைக் கேட்டு ஸ்கூட்டியை நிறுத்தினாள் செல்வகுமாரி. அந்தோணிசாமியின் கோழிக்கடை வாசலில் துணிப்பையோடு நின்றவர் சுப்பராயலு அய்யாவேதான்.

பாகூரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ரிட்டையரான வாத்தியார். முப்பது வருஷமாக வள்ளலார் சபையில் கொல்லாமையைப் பற்றிப் பேசுகிறவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் செல்வகுமாரி மீன் குழம்பையே விட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அப்படியும் எட்டு வருஷமாகத் தொடவில்லை.

மறுநாளும் அவரை அங்கே பார்த்தாள். அதற்கு அடுத்த நாள், அவர் போகும்வரை காத்திருந்து கடைக்காரரிடமே கேட்டுவிட்டாள்.

"அய்யா யாருக்குண்ணே வாங்கறாரு?"

"பத்து நாளா வர்றாரு. யாருக்குன்னு நான் எப்பிடிக் கேக்கறது? வூட்ல ஒண்டி ஆளுதானே."

ஒண்டி ஆள்தான். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஒரே மகள் பிரியதர்ஷினி பிரான்சில் இருக்கிறாள். அப்புறம் அந்த ஈரல் யார் வயிற்றுக்குப் போகிறதாம்? செல்வகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சபையில் மதிய அன்னதானம். சுப்பராயலு சாம்பார் வாளியோடு இரண்டாவது பந்தியில் குனிந்துகொண்டிருந்தார்.

"அய்யா, அந்த வாளியக் கீழ வைங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னாம்மா?"

"கோழிக்கடைக்குப் போறீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார்.

"போறேம்மா. இன்னிக்கோட பதினோரு நாளாவுது."

"காலைல கறியத் தொட்ட கை, மத்தியானம் இங்க சோறு போடுது! உங்கள நம்பி நாக்கக் கட்டினவங்க அய்யா நாங்க. இனிமே இங்க பரிமாறவும் வேணாம், பேசவும் வேணாம்."

ஏதாவது சாக்குச் சொல்வார், இல்லை கோபமாவது படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வாளியைக் கீழே வைத்தார். குழாயடியில் கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

சபையின் ஸ்டோர் ரூம் சாவி அவரிடமே இருந்துவிட்டது. சாயங்காலம் அதை வாங்கிவரச் செல்வகுமாரிதான் போக வேண்டியிருந்தது.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினாள்.

கூடத்தில் பேப்பரை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் சுப்பராயலு. பக்கத்தில் கிண்ணம் நிறைய பச்சை ஈரல். மடியில் கீரிப்பிள்ளை மாதிரி நீளமாக, வெள்ளை மூஞ்சியோடு இரண்டு பிராணிகள். விரல் நுனியில் ஈரலைக் குழைத்து ஒன்றின் வாயருகே நீட்டினார். அது தலையைத் திருப்பிக்கொண்டது. அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தோள் துண்டால் வாயைப் பொத்தி, நிறைந்துவிட்ட கண்ணைத் துடைத்து, மறுபடியும் விரலை நீட்டினார்.

"இன்னா அய்யா இது?"

"வாம்மா. ஃபெரட்டுன்னு சொல்லுவாங்க. பெங்களூருல இருந்தப்ப பிரியா வளத்தது. பிரான்சுக்குக் கொண்டுபோவ முடியாம எங்கிட்ட வுட்டுட்டுப் போனா. இதுங்களுக்குப் பச்சைக் கறிதான் குடுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பாக்கெட் தீனியே தின்னு வளந்ததால, கறியும் தீனிதான்னு இதுங்களுக்குத் தெரியல. பழைய தீனியப் பொடி பண்ணிக் கறி மேல தூவி, தினம் கொஞ்சம் கொஞ்சமா தூளக் கொறச்சி... நேத்திலேர்ந்துதான் நக்கவே ஆரம்பிச்சிருக்கு."

செல்வகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத அங்கியே சொல்லியிருக்கக் கூடாதா அய்யா? அத்தினி பேரு முன்னாடி உங்களப் போயி... அடுத்த ஞாயித்துக்கெழம நானே எழுந்து எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். நீங்க வந்து பேசணும்."

"வேணாம்மா. நீ பேச வேணாம்னு சொன்னது சரிதான். கொல்லாமையப் பத்திப் பேச எனக்கு இனிமே வாயில்ல."

"கறி வாங்கினதுக்காகவா? ஒரு உசுரக் காப்பாத்தத்தானே வாங்கினீங்க!"

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"பிரியா குடுத்துட்டுப் போன தீனி பாக்கெட்டுல கோழி, மீனுன்னு போட்டிருந்துது. அதெல்லாம் நம்ம வூட்டுக்கு ஆவாதுன்னு, பட்டாணியிலயும் பருப்புலயும் செஞ்ச சைவத் தீனியத் தேடித் தேடி வாங்கி ஆறு மாசம் போட்டேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மூத்திரப்பையில கல்லு அடைச்சி, ஒண்ணுக்குப் போவ முடியாம என் கையிலயே துடிச்சி உசுர வுட்டுது ஒண்ணு. மூணா வந்ததும்மா. வீடியோவுல பிரியா கேக்கறப்பல்லாம், அது உள்ள தூங்குதுன்னு பொய் சொல்லிட்டிருக்கேன்."

மடியில் இருந்ததைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"கறி வாங்கினதுக்கு இல்லம்மா. வாங்காம இருந்ததுக்கு."