தும்மல் வரும் இடம்

"மறுபடியும் திருத்துங்க சார். என் பொண்ணு ஃபெயிலாக வாய்ப்பே இல்ல," என்றார் அப்பா. பக்கத்தில் மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

இயற்பியல் ஆசிரியர் விடைத்தாளை நீட்டினார். அதில் அவள் பெயரும், யாரும் கேட்காத ஒரு மோட்டார் படமும் மட்டும் இருந்தன.

"பயத்துல மறந்திருப்பா சார். முன்னெல்லாம் எந்நேரமும் வயரும் மோட்டாருமா உட்கார்ந்திருப்பா. கையில சிக்கினதையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல ஏத்திட்டேன். அன்னையிலிருந்து தினமும் ரெண்டு மணி நேரம் கதவைச் சாத்திட்டு சத்தமா படிக்கிறா. ஹால்ல உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அந்தப் பாடம் எனக்கே தலைகீழ்ப் பாடம்."

"எங்க, சொல்லுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒளிவிலகல் விதிகள் இரண்டையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பிறகு, "ஹச்" என்று ஒரு தும்மல் போட்டுவிட்டு மேலே தொடர்ந்தார்.

"உங்களுக்குச் சளியா?"

"எனக்கில்ல சார். ரெண்டாவது விதி முடிஞ்சதும் அவ தும்முவா. தினமும் அதே இடத்துல. எனக்கும் அப்படியே வந்துடுச்சு."

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கும்போது நடுவுல எழுந்திரிக்கவே மாட்டாளா?"

"சாப்பிடக் கூப்பிட்டாக்கூட நிறுத்த மாட்டா. கரண்ட் போனா மட்டும் டக்குனு நிறுத்திடுவா. வந்ததும் பொறுப்பா முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பா."

மகளின் தலை இன்னும் தாழ்ந்தது.

ஆசிரியர் அவள் பக்கம் குனிந்தார்.

"இவ்வளவு செஞ்சவ, அந்த ஸ்பீக்கருக்கு ஒரு பேட்டரி வச்சிருக்கக் கூடாதாம்மா?"